அபௌட் என்ற ஒரு சொல்: ஆங்கிலக் குறுக்கெழுத்துக்குள் நுழைய ஒரு முழு வழிகாட்டி

தருமபுரியில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் கிருஷ்ணகிரியில் இறங்குவதற்குள் ஆங்கிலக் குறுக்கெழுத்தில் பாதி முடிந்துவிடும். வீடு அங்கே, வேலை இங்கே என்று பல வருடமாக ஓடுகிற எனக்கு அந்தப் பயணம்தான் சொந்த நேரம். மடித்த நாளிதழ், பென்சில், எழுதிப் பார்க்க ஒரு பழைய டைரி. போன வருடம் ஒரு சனிக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் வெகுநேரம் என் கட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். காரிமங்கலம் தாண்டியதும் கேட்டேவிட்டாள்: "அக்கா, இதெல்லாம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்குத்தானே வரும்?"

நான் டைரியில் ஒரு குறிப்பை எழுதி அவளிடம் நீட்டினேன்.

ரன்! வைல்ட் அனிமல் அபௌட் (4)

"ஓடு, காட்டு மிருகம் நடமாடுது. எங்க ஊர்ல யானை இறங்கினா இப்படித்தான்க்கா சத்தம் போடுவாங்க" என்றாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண், அவளுக்கு அது வெறும் வாக்கியம் இல்லை. ஆனால் யானை நாலு எழுத்தில் வரவில்லை.

"சரி, அபௌட்டுன்னா தமிழ்ல என்னென்ன சொல்லலாம்?" என்றேன். விரல்விட்டு எண்ணினாள். "பற்றி. சுமார். சுற்றி. அப்புறம் டிரில் பீரியட்ல அபௌட் டர்ன்னு சொன்னா திரும்பி நிக்கணும்." அந்த விரலிலேயே நின்றுவிட்டாள். நாலு எழுத்து மிருகம், திரும்பி நிற்க வேண்டும். வுல்ஃப். டபிள்யூ, ஓ, எல், எஃப். பின்னாலிருந்து படித்தால் எஃப், எல், ஓ, டபிள்யூ. ஃப்ளோ. ஆறு ஓடுவதும் ரன்தான், ஃப்ளோதான். காவேரிப்பட்டணம் வருவதற்குள் முதல் விடையைக் கட்டத்துக்குப் பதில் என் டைரியில் எழுதியிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. இங்கிலீஷில் எல்லா வேலைக்கும் 'அபௌட்' என்ற ஒரே சொல்தான். நமக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனிச்சொல் இருக்கிறது. அவர்களுக்கு ஒட்டிக் கிடப்பது நமக்குப் பிரிந்தே தெரிகிறது. தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இது குறையே இல்லை, கையில் இருக்கும் சாவி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சாவியைப் பற்றித்தான். இதில் வரும் குறிப்புகள், ஒன்றைத் தவிர, எல்லாம் நானே எழுதியவை. ஆகவே எந்தப் புதிர்ப் புத்தகத்திலும் தேட வேண்டாம்.

முதல் படி: ஒரு குறிப்பின் உடம்பைப் பிரித்துப் பாருங்கள்

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரடி வகை: ஒரு சொல்லைக் கொடுத்து அதற்கு இன்னொரு சொல் கேட்பது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிர் இந்த வகைதான். மற்றது கிரிப்டிக் என்னும் மறைபொருள் வகை. இது இங்கிலாந்தில் வளர்ந்தது. நம் ஊரில் தி இந்து ஆங்கில நாளிதழ் 1971 முதல் குறுக்கெழுத்து வெளியிடுகிறது. அதற்கு ஆரம்பகாலத்தில் புதிர் அமைத்தவர் செங்கல்பட்டில் பிறந்த அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த முதல் இந்தியர். பாய்மரக் கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்புவதையும் இங்கிலீஷில் 'கோ அபௌட்' என்பார்கள். ஒரு கடற்படைக்காரருக்கு இந்தச் சொல்லின் திருப்பம் நன்றாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பெரும்பாலான கிரிப்டிக் குறிப்புகளில் இரண்டு பாதி இருக்கும். ஒரு பாதி விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முடிவில் இருக்கும். நடுவில் வராது. மீதிப் பாதி சொல்விளையாட்டு. விடையின் எழுத்துகளை எப்படிக் கட்டுவது என்று அது சொல்லும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது.

நம் மாவட்டத்துக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு: 'ஃப்ரூட் ஃபார் மேன் டு லீவ் (5)'. ஃப்ரூட் என்பது நேர்ப்பொருள். மேன் அப்படியே மேன். லீவ் என்றால் கிளம்பு, அதாவது கோ. மேனையும் கோவையும் சேர்த்தால் மேங்கோ. கிருஷ்ணகிரி மண்டியில் கூடை கூடையாகக் கிடக்கிற அதே மாங்கனி, ஒரு மனிதனாகவும் ஒரு கிளம்பலாகவும் பிரிந்து நிற்கிறது.

இது நமக்குப் புதிதா? நன்னூல் பாடத்தில் பொதுமொழி படித்திருப்பீர்கள். எட்டு என்றால் எண், பிரித்தால் எள் து. வேங்கை என்றால் மரம், புலி. பிரித்தால் வேம் கை, அதாவது வேகின்ற கை. தாமரை பூவாகவும் இருக்கும், தாவுகிற மரையாகவும் இருக்கும். இரட்டுற மொழிதலை ரசித்த மனம் கிரிப்டிக் குறிப்பைப் பார்த்துப் பயப்படத் தேவையே இல்லை. தமிழ் வார இதழ்களின் குறுக்கெழுத்தில் 'வலமிருந்து இடம்', 'கலைந்துள்ளது' என்றெல்லாம் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே பழக்கம்.

இரண்டாம் படி: அபௌட்டை ஐந்தாகப் பிரியுங்கள்

குறிப்பில் அபௌட் கண்ணில் பட்டதும் அதன்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். வாக்கியமாகப் படிக்கும்போது அது யார் கண்ணிலும் படாத சின்னச் சொல். புதிர் அமைப்பவர் அதை நம்பித்தான் அங்கே வைக்கிறார். பிறகு இந்த ஐந்து தமிழ்ச் சொற்களையும் அந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்: பற்றி, சுமார், சுற்றி, திரும்பி, சிதறி.

பற்றி என்று வந்தால் அபௌட் ஒரு குட்டிச் சொல்லாக மாறும். அடிக்கடி வருவது ஆர், இ என்ற இரண்டு எழுத்து. அலுவலகக் கடிதத்தில் 'பொருள்:' என்று நாம் எழுதுகிற இடத்தில் ஆங்கிலக் கடிதங்களில் 'ரி' என்று போடுவார்களே, அதேதான். 'விஷயம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆர், இ என்று தொடங்கும் இங்கிலீஷ் சொற்கள் ஏராளம் என்பதால் புதிர் அமைப்பவர்களுக்கு இது அரிசி பருப்பு மாதிரி, தினமும் தேவைப்படும். இதே 'பற்றி'க்கு இன்னொரு உருவம் ஆன். காந்தியைப் பற்றிய கட்டுரையை 'எஸ்ஸே ஆன் காந்தி' என்பதில்லையா? 'வெஜிடபிள்: அபௌட் சார்ஜ்டு பார்ட்டிகிள் (5)' என்ற குறிப்பைப் பாருங்கள். அபௌட்டுக்கு ஆன். மின்னூட்டம் கொண்ட துகள் அயான், எழுத்துகள் ஐ, ஓ, என். சேர்த்தால் ஓ, என், ஐ, ஓ, என். வெங்காயம்!

சுமார் என்று வந்தால் சி என்ற ஓர் எழுத்து, அல்லது சி, ஏ என்ற இரண்டு எழுத்து. வரலாற்றுப் புத்தகத்தில் ஆண்டு சரியாகத் தெரியாதபோது எண்ணுக்கு முன்னால் இப்படிப் போடுவார்கள். சிர்கா என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. 'பேர்ட், அபௌட் டு குவாரல் (4)' என்றால் சண்டைக்குத் தயாராக நிற்கும் பறவை மனதில் வரும். பிரித்துப் பாருங்கள். அபௌட்டுக்கு சி. குவாரல் என்றால் சண்டை, அதற்கு மூன்றெழுத்தில் ரோ. எழுதும்போது ஆர், ஓ, டபிள்யூ. உச்சரிக்கும்போது 'ரௌ' என்று வந்தாலும் கட்டத்துக்கு உச்சரிப்பு கவலை இல்லை. சி முன்னால் வந்தால் குரோ. காக்கை. காக்கைக்கும் சண்டைக்கும் பொருத்தம்தான்.

சி, ஏ வருவதற்கு: 'ரீசன் அபௌட் பர்பஸ் (5)'. சி, ஏ, பர்பஸ் என்றால் பயன், அதாவது யூஸ். விடை காஸ், எழுத்துகள் சி, ஏ, யூ, எஸ், இ. ரீசன் என்ற சொல்லுக்கு அதுவே பொருள்.

சுற்றி என்று வந்தால் அபௌட் எழுத்துகளாக மாறாது, ஒரு கட்டளையாக மாறும்: ஒன்றை இன்னொன்றின் வெளியே வை. இந்தச் சொல்லின் பிறப்பே இதுதான். பழைய இங்கிலீஷில் 'ஆன்பூட்டன்', வெளிப்புறத்தில் என்று பொருள். காம்பவுண்டுச் சுவர் வீட்டைச் சுற்றி நிற்கிற மாதிரி ஒரு சொல் இன்னொரு சொல்லைச் சுற்றி நிற்கும்.

ஆங்கர் அபௌட் நியூ லைன் ஆஃப் ஹில்ஸ் (5)

புதிய மலைத்தொடர் பற்றிக் கோபம் என்று வாக்கியம் சொல்கிறது. அதை நம்பாதீர்கள். ஆங்கர் என்றால் கோபம், அதாவது ரேஜ்: ஆர், ஏ, ஜி, இ. நியூ என்பதற்குச் சுருக்கம் என். ரேஜ், என்னைச் சுற்றி நிற்க வேண்டும். ஆர், ஏ, பிறகு என், பிறகு ஜி, இ. ரேஞ்ச். லைன் ஆஃப் ஹில்ஸ் என்றால் மலைத்தொடர், நேர்ப்பொருள் சரி.

இந்த வகையில் புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு: எது உள்ளே, எது வெளியே? அபௌட்டுக்கு அடுத்தாற்போல் வருவதுதான் உள்ளே போகும். 'ரேஜ் அபௌட் நியூ' என்றாலும், வரிசையை மாற்றி 'அபௌட் நியூ, ரேஜ்' என்றாலும் என்தான் உள்ளே, ரேஜ்தான் வெளியே. தமிழில் 'கோயிலைச் சுற்றிக் கடைகள்', 'கடைகள் கோயிலைச் சுற்றி' எப்படிச் சொன்னாலும் கோயில் நடுவில் இருப்பதைப் போல.

திரும்பி என்பதை ஓநாயில் பார்த்துவிட்டோம். அதையே இன்னொரு முறை, கொஞ்சம் கஷ்டமான இடத்தில் பார்ப்போம். ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

ஒன் டெல்லிங் லைஸ் அபௌட் ட்ரெய்ன் ட்ராக் (4)

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்த வாக்கியம் சுருக்கென்று தைக்கும். நகரத்துக்கு இன்னும் ரயில் நிலையம் இல்லை. ரயில் பாதை வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன ஊர். ரயில் பாதையைப் பற்றிப் பொய் சொல்கிறவர் என்று படித்ததும் அபௌட்டுக்குப் 'பற்றி' என்ற பொருளே மனதில் உட்கார்ந்துவிடும். அதை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். பொய் சொல்கிறவர் லையர்: எல், ஐ, ஏ, ஆர். திரும்பினால் ஆர், ஏ, ஐ, எல். ரயில். ட்ரெய்ன் ட்ராக் நேர்ப்பொருள். வாக்கியத்தில் அபௌட் 'பற்றி', புதிரில் 'திரும்பி'. இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பதுதான் இந்தக் கலையின் அழகு.

இங்கே ஒரு வசதியும் உண்டு. பின்னால் போவதைச் சொல்லும் 'பேக்' குறுக்கே போகும் விடைகளுக்கும், மேலே போவதைச் சொல்லும் 'அப்' கீழ்நோக்கி வரும் விடைகளுக்கும் பொருந்தும். அபௌட் இரண்டு பக்கமும் பொருந்தும். அதனால்தான் புதிர் அமைப்பவர்கள் இதை விடுவதில்லை.

சிதறி என்றால் எழுத்துகளைக் கலைத்துப்போடு என்று பொருள். குழந்தைகள் பொம்மைகளை வீடு முழுக்கப் போட்டுவைத்திருந்தால் 'டாய்ஸ் லையிங் அபௌட்' என்பார்கள் அல்லவா, அந்த அபௌட். மற்ற நான்கையும்விடக் குறைவாகவே வரும். ஆனால் வந்தால் கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்ணெதிரே அப்படியே இருக்கும்.

இதற்கான எடுத்துக்காட்டு என்னுடையது இல்லை, அந்தப் பெண் எழுதியது. ஒரு நாள் போனில் அனுப்பியிருந்தாள்: 'லாங் டைம் அபௌட் ஓசூர் (5)'. ஓசூரின் ஆங்கில எழுத்துகள் ஹெச், ஓ, எஸ், யூ, ஆர். கலைத்தால் ஹெச், ஓ, யூ, ஆர், எஸ். ஹவர்ஸ், மணிக்கணக்கு! நெரிசலில் பஸ் நகராமல் நின்றபோது பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடித்தாளாம். எத்தனை தடவை அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் படி: ஐந்தில் எது என்று முடிவு செய்வது

அபௌட் குறிப்பின் கடைசியில், அல்லது ஒரு பாதியின் கடைசியில் நின்றால் முதலில் 'திரும்பி'யைச் சோதியுங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவில் நின்றால் 'சுற்றி'. குறிப்பின் தொடக்கத்தில் நின்றால் சி, அல்லது ஆர், இ. இது சட்டம் இல்லை, என் அனுபவத்தில் சோதிக்கச் சுருக்கமான வழி. கட்டத்தில் குறுக்கே வரும் எழுத்துகள் ஏற்கெனவே விழுந்திருந்தால் இன்னும் நல்லது. முதல் எழுத்து சி அல்லது ஆர் என்றால் பாதி முடிந்த மாதிரி.

ஒரு குறிப்பை முழுவதுமாகச் சேர்ந்தே போடுவோம். தவறான வழிகளையும் மறைக்காமல் காட்டுகிறேன், ஏனென்றால் உண்மையில் அப்படித்தான் விடை வரும்.

லீவ் ஜாப் அபௌட் நோட்டீஸ் (6)

விடைக்கு ஆறு எழுத்து. அபௌட்டுக்கு வட்டம். அதன் பக்கத்துச் சொல் நோட்டீஸ்: என், ஓ, டி, ஐ, சி, இ. எண்ணினால் சரியாக ஆறு! இப்படிப் பொருந்தினால் உடனே கலைத்துப் பார்க்கத்தான் வேண்டும். டைரியில் ஆறு எழுத்தையும் வட்டமாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணை மறைக்கும், வட்டமாக எழுதினால் புதுச் சேர்க்கைகள் தெரியும். நோயெட்டிக் என்ற ஒரு சொல் கிடைக்கிறது, அறிவு சார்ந்த என்று பொருள். குறிப்போடு ஒட்டவில்லை. விடுவோம்.

அடுத்து, சுற்றி. லீவ் ஜாப் என்பதற்கு க்விட் என்று வைத்துக்கொள்வோம், நாலு எழுத்து. நோட்டீஸ் என்றால் விளம்பரம், ஏ, டி. நாலுக்குள் இரண்டு போனால் ஆறு, எண்ணிக்கை பொருந்துகிறது. ஆனால் எங்கே நுழைத்தாலும் சொல் பிறக்கவில்லை. அதோடு இன்னொரு சிக்கல்: லீவ் ஜாப் இரண்டையும் சொல்விளையாட்டுக்கே கொடுத்துவிட்டால் நேர்ப்பொருளுக்கு என்ன மிச்சம்? இந்தக் கேள்வியை எப்போதும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொல் இரண்டு பாதிக்கும் வேலை செய்யாது.

ஆக, லீவ் ஜாப் சேர்ந்து நேர்ப்பொருள். வேலையை விடு. மிச்சம் அபௌட் நோட்டீஸ். பற்றி: ஆர், இ. நோட்டீஸ் என்றால் நாலு எழுத்தில்? பலகை, அறிவிப்பு, சைன். ரிசைன். ராஜினாமா செய். முடிந்தது. இந்த விடை வந்தபின் குறிப்பைத் திரும்பப் படித்தால் எல்லாச் சொல்லும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்காராவிட்டால் விடை தவறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பேனாவால் எழுதிவிடாதீர்கள்.

ஒரே இரண்டு சொற்கள் எப்படி வேறு வேறு வேலை செய்யும் என்பதற்கு 'அபௌட் டைம்' நல்ல பயிற்சி. 'அபௌட் டைம் ஃபார் ப்ரிசன் (4)' என்றால் சியோடு ஏஜ் சேர்ந்து கேஜ், கூண்டு. காலம் என்பதற்கு ஏஜ். 'அபௌட் டைம் டு கிவ் ஆஃப் (4)' என்றால் டைம் என்ற சொல்லே திரும்பி நிற்கிறது: இ, எம், ஐ, டி. எமிட், வெளியிடு. மாதாமாதம் தவணை கட்டுகிறவர்களுக்கு இ, எம், ஐ எழுத்துகள் சட்டென்று கண்ணில் படும்! இதைத் தவிர, டைம் என்பது டி என்ற ஓர் எழுத்தாகவோ, இரா என்ற மூன்றெழுத்தாகவோ வரலாம். இரா திரும்பினால் ஆர். எழுதும்போது ஏ, ஆர், இ. இப்படி ஒரு சிறு தொடரை எடுத்து எத்தனை விதமாக உடைக்க முடியும் என்று பஸ்ஸில் யோசித்துப் பாருங்கள். கட்டமே இல்லாமல் கூடப் பழகலாம்.

நான்காம் படி: அபௌட் தனியாக நிற்கிறதா, ஜோடியாக நிற்கிறதா

சில நேரம் அபௌட் தன் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரும். அப்போது ஐந்தாகப் பிரித்தால் வழிதவறிப் போவோம். 'பிரிங் அபௌட்' என்றால் உண்டாக்கு. மேலே பார்த்த காஸ் என்ற விடைக்கு அதுவே நேர்ப்பொருளாக வரலாம். 'கம் அபௌட்' என்றால் நிகழ். 'செட் அபௌட்' என்றால் தொடங்கு, சில இடத்தில் தாக்கு. 'அபௌட் டு' என்றால் ஒன்றைச் செய்யும் தறுவாயில் இருப்பது. 'அப் அண்ட் அபௌட்' என்றால் படுக்கையிலிருந்து எழுந்து நடமாடுவது. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். குறிப்பின் தொடக்கத்தில் அபௌட் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால், இரண்டையும் சேர்த்து ஒரு தடவை படியுங்கள், போதும்.

இன்னொன்று: அபௌட் என்பதே விடையாக வரலாம். 'கன்சர்னிங் எ பாக்ஸிங் மேட்ச் (5)'. கன்சர்னிங் என்றால் பற்றி. எ பாக்ஸிங் மேட்ச் என்றால் எ பௌட், ஒரு குத்துச்சண்டைப் போட்டி. இரண்டும் ஒட்டினால் அபௌட். பிரிமொழிச் சிலேடைக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்கு இங்கிலீஷில் கிடைத்ததில்லை. தமிழில் அந்தச் சண்டையின் ரவுண்டுக்குச் சுற்று, அபௌட்டுக்குச் சுற்றி என்பதைக் கவனித்தீர்களா?

ஐந்தாம் படி: நேரடிக் கட்டத்தில் அபௌட்

இது சுருக்கமான விஷயம். நேரடி வகையில் குறிப்பாக அபௌட் மட்டும் நின்றால், எழுத்து எண்ணிக்கையைப் பார்த்து இந்தச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். நாலு எழுத்துக்கு ஓவர். ஐந்துக்கு சிர்கா. ஆறுக்கு அரவுண்ட் அல்லது நியர்லி. ஏழுக்கு ரஃப்லி. பத்துக்கு கன்சர்னிங். அமெரிக்கக் கட்டங்களில் எண்ணிக்கை அடைப்புக்குறிக்குள் வராது, கட்டத்தைத்தான் எண்ண வேண்டும். அங்கே இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி வருவதும் சகஜம்: ஆஸ் டு, இன் ரி, ஆர் சோ மூன்றும் நாலு எழுத்து. பத்தோ பதினொன்றோ என்று நாம் சொல்வதைத்தான் 'டென் ஆர் சோ' என்கிறார்கள். நல்ல விஷயம், அமெரிக்கக் கட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்துக்கும் குறுக்கே இன்னொரு விடை போகும். அதனால் தெரியாத சொல்லும் தானாக விழுந்துவிடும்.

ஆறாம் படி: இப்போது நீங்கள்

நான்கு குறிப்புகள் தருகிறேன். ஒவ்வொன்றிலும் அபௌட்டுக்கு வட்டம் போட்டு ஐந்து தமிழ்ச் சொற்களையும் வைத்துப் பாருங்கள். அவசரப்பட்டுக் கீழே போக வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் புதிர் அங்கேயேதான் இருக்கும்.

சீட் அபௌட் லாக்ஸ் (5)

அனிமல் ஹேஸ் பைப் அபௌட் ரிவர் (5)

லஞ்ச் அண்ட் டின்னர் அபௌட் சேலம் (5)

ஸ்பாட்லெஸ், அபௌட் டு டில்ட் (5)

முதலாவதில் லாக்ஸ் என்றதும் பூட்டு ஞாபகம் வரும். கூந்தல் கற்றைக்கும் லாக்ஸ்தான். அது ஹேர், ஹெச், ஏ, ஐ, ஆர். முன்னால் சுமார், அதாவது சி. சேர், நாற்காலி.

இரண்டாவதில் பைப் வைத்திருக்கும் மிருகம் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குத் துதிக்கை கண்முன் வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கும் அதேதான் வந்தது. ஆனால் பைப் என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ்: ஹெச், ஓ, எஸ், இ. ரிவருக்குச் சுருக்கம் ஆர். ஹோஸ், ஆரைச் சுற்றி நிற்க வேண்டும். ஹார்ஸ், குதிரை.

மூன்றாவது சிதறல். சேலத்தின் ஆங்கில எழுத்துகள் எஸ், ஏ, எல், இ, எம். கலைத்தால் எம், இ, ஏ, எல், எஸ். மீல்ஸ். இதே எழுத்துகளில் மேல்ஸ் என்றும் ஒரு சொல் கிடைக்கும், ஆண்கள் என்று பொருள். லஞ்சும் டின்னரும் நேர்ப்பொருளாக இருப்பதால் மீல்ஸ்தான் நிற்கும்.

நாலாவதற்கு விடை எழுதவில்லை. முதல் எழுத்து சி. டில்ட் என்றால் சாய்வது, அதற்கு நாலு எழுத்தில் ஒரு சொல் வேண்டும்.